தண்ணீர் ஊற்றும்போது ஏன் யோசனை வருகிறது?

பேத்திக்குப் பெயர் சூட்டு விழா. அழைப்பிதழுக்கு நான்கு வரி எழுத வேண்டும். மேசை முன்னால் ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள். முதல் வரிக்குப் பிறகு எதுவும் நகரவில்லை. வெறுத்துப்போய் எழுந்து மாடிக்குப் போகிறீர்கள். வெயில் இறங்கிவிட்டது, தொட்டி மண் காய்ந்து கிடக்கிறது. பூவாளியை நிரப்பிக் கத்தரிக்கு ஊற்றி முடித்து, மிளகாய்க்கு நகர்வதற்குள் இரண்டாவது வரி வந்துவிடுகிறது. மூன்றாவது அதன் பின்னாலேயே வருகிறது.

இது எழுதுகிறவர்களுக்கு மட்டும் நடப்பதல்ல. பேரேட்டில் எந்தத் தொகை இடிக்கிறது என்பது, கடையைப் பூட்டிவிட்டு வந்து கொல்லையில் களை பிடுங்கும்போது கடைக்காரருக்குப் பிடிபடும். இரண்டு நாளாக ஓடாத மென்பொருளின் பிழை, துளசிக்குத் தண்ணீர் விடும் அரை நிமிடத்தில் கண்ணில் படும். அதோடு இன்னொன்றும் நடக்கிறது. மேலே போகும்போது இருந்த எரிச்சல் கீழே இறங்கும்போது இருப்பதில்லை.

காரணம் கேட்டால் இரண்டு பதில் உடனே வரும். ஒன்று, செடி ஆக்சிஜன் தருகிறது. தருகிறதுதான். ஆனால் உங்கள் அறையிலும் மாடியிலும் காற்றில் ஆக்சிஜன் ஏறக்குறைய 21 சதவீதம். பத்துத் தொட்டிச் செடிகள் அதை அசைத்துவிட முடியாது. இரண்டு, பச்சை நிறம் கண்ணுக்குக் குளிர்ச்சி. அப்படியானால் பச்சை வண்ணம் பூசிய அலுவலகச் சுவர்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பவர்கள் அனைவரும் சாந்த சொரூபிகளாகவும் கவிஞர்களாகவும் இருக்க வேண்டும். ஆகவே வேறு காரணம் தேட வேண்டியிருக்கிறது.

மையின் நிறம் என்ன?

ஒரு தாளை எடுத்து, ‘சிவப்பு’ என்ற சொல்லை நீல மையில் எழுதுங்கள். ‘பச்சை’ என்பதைச் சிவப்பு மையில். ‘நீலம்’ என்பதைப் பச்சையில். இப்படியே மாற்றி மாற்றி இருபது சொற்கள். இப்போது சொல்லைப் படிக்காமல், மையின் நிறத்தை மட்டும் வேகமாகச் சொல்லிக்கொண்டு வாருங்கள். மூன்றாவது நான்காவது சொல்லிலேயே நாக்கு தடுக்கும். நிறம் தெரிந்த, எழுத்துத் தெரியாத குழந்தைக்குத் தடுக்காது.

ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் என்ற அமெரிக்க உளவியலாளர் 1935-இல் வெளியிட்ட சோதனை இது. படிக்கத் தெரிந்த மூளைக்கு எழுத்தைக் கண்டால் படிக்காமல் இருக்க முடியாது. அந்தப் பழக்கத்தை அமுக்கி வைத்துக்கொண்டுதான் நிறத்தைச் சொல்ல வேண்டும். அமுக்கி வைப்பது வேலை. பத்து நிமிடம் செய்தால் சலிப்பு வரும், எரிச்சல் வரும்.

இதை முனைந்த கவனம் என்று அழைப்போம். நம் நாள் முழுக்க இதைத்தான் செலவழிக்கிறோம். கூட்டத்தில் பேசுகிறவரைக் கேட்டபடி பையில் அதிரும் போனை எடுக்காமல் இருப்பது, சந்தடியில் வண்டி ஓட்டுவது, பக்கத்து வீட்டு டிவி சத்தத்தை மீறிக் கணக்குப் போடுவது எல்லாம் மையின் நிறத்தைச் சொல்வதற்குச் சமம். ஒன்றைப் பிடிக்க ஒன்பதை அமுக்க வேண்டும்.

இன்னொரு கவனம் நாம் முனையாமலே போகும். இடி இடித்தால், குழந்தை வீறிட்டால், தெருவில் சண்டை வந்தால் திரும்பிப் பார்க்கிறோம். இதற்கு முயற்சி தேவையில்லை. ஆனால் இதிலும் இரண்டு விதம் உண்டு. தெருச்சண்டை ஆளை முழுதாக இழுத்துக்கொள்கிறது. கைபேசியில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் குறுங்காணொளிகளும் அப்படித்தான். காற்றில் அசையும் முருங்கை இலையோ தொட்டி விளிம்பில் போகும் எறும்பு வரிசையோ அப்படி இழுப்பதில்லை. பார்க்க வைக்கிறது, ஆனால் வேறொன்றை நினைக்க இடமும் விடுகிறது.

இந்த இரண்டாவது விதத்தை மென் ஈர்ப்பு எனலாம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ரேச்சல் கப்ளான், ஸ்டீஃபன் கப்ளான் தம்பதி 1989-இல் எழுதிய நூலில் இதை மையமாக வைத்தே ஒரு கோட்பாட்டை எழுப்பினார்கள். மென் ஈர்ப்பு கண்ணைப் பிடித்து வைத்திருக்கும் நேரத்தில் முனைந்த கவனத்துக்கு வேலை இல்லை. அந்த இடைவெளியில் அது தேறிக்கொள்கிறது என்பது அவர்கள் வாதம். போனை நோண்டுவது ஓய்வு போலத் தோன்றினாலும் எழுந்திருக்கும்போது களைப்பு மிஞ்சுவது ஏன் என்பதற்கும் இதில் ஒரு விடை இருக்கிறது.

முப்பது பேர், அரை மணி நேரம்

கோட்பாடு அழகாக இருக்கிறது. சோதித்தார்களா? நெதர்லாந்தில் ஒரு சோதனை நடந்தது. முடிவு 2011-இல் வெளியானது. அந்த நாட்டு நகரங்களில் வீட்டோடு நிலம் இல்லாதவர்கள் ஊரோரத்தில் சின்னத் துண்டு நிலம் வாடகைக்கு எடுத்துத் தோட்டம் போடுவது வழக்கம். அப்படிப்பட்ட 30 பேரை எடுத்துக்கொண்டார்கள். முதலில் அவர்களுக்கு எரிச்சல் மூட்ட வேண்டும். அதற்குப் பயன்படுத்தியது, நீங்கள் சற்றுமுன் செய்து பார்த்த அதே நிறச் சோதனையின் ஒரு வடிவம்தான்.

பிறகு அவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு அரை மணி நேரம் தங்கள் நிலத்தில் தோட்ட வேலை. மற்றப் பிரிவுக்கு அதே அரை மணி நேரம் உள்ளே உட்கார்ந்து வாசிப்பு. உமிழ்நீரை எடுத்துக் கார்டிசாலை அளந்தார்கள். நெருக்கடி வந்தால் சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் சுரப்பி வெளியிடும் இயக்குநீர் அது. மனநிலையைத் தனியாகக் கேட்டுப் பதிந்தார்கள்.

கார்டிசால் இரண்டு பிரிவிலும் இறங்கியது. தோட்டத்தில் இருந்தவர்களுக்குக் கூடுதலாக இறங்கியது. எனக்கு வியப்பு மனநிலை பற்றிய முடிவில்தான். மண்ணில் வேலை செய்தவர்களின் உற்சாகம் சோதனைக்கு முன்பிருந்த அளவுக்குத் திரும்பிவிட்டது. வாசித்தவர்களுக்கோ, கார்டிசால் இறங்கிய பிறகும், உற்சாகம் மேலும் குறைந்தது. உடம்பு அடங்குவதும் மனசு லேசாவதும் வேறு வேறு கணக்கு போலிருக்கிறது.

இந்தச் சோதனையை வைத்துக்கொண்டு ‘தோட்டம் மருந்து’ என்று கூவுகிறவர்கள் ஒன்றைச் சொல்வதில்லை. அந்த 30 பேரும் ஏற்கெனவே தோட்டப் பைத்தியங்கள். சொந்த நிலத்துக்கு வந்தவரைக் கூப்பிட்டு ‘உள்ளே உட்கார்ந்து படி’ என்றால் யாருக்குத்தான் உற்சாகம் வரும்?

இந்த ஆட்சேபணை பொருந்தாத இன்னொரு சான்று உண்டு. ரோஜர் உல்ரிச் என்பவர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையின் பழைய பதிவேடுகளைப் புரட்டினார். 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேர். அவர்களில் 23 பேரின் சன்னலுக்கு வெளியே மரங்கள். வயதும் உடல்நிலையும் ஒத்த மற்ற 23 பேரின் சன்னலுக்கு வெளியே செங்கல் சுவர். மரம் பார்த்துப் படுத்திருந்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினார்கள். சுவர் பார்த்தவர்களுக்கு 8.70 நாள் ஆனது. வலுவான வலிநிவாரணியும் மரம் பார்த்தவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. 1984-இல் வந்த ஆய்வு இது. முக்கால் நாள் வித்தியாசம் சின்னதுதான். ஆனால் அந்த நோயாளிகள் தங்கள் படுக்கையைத் தாங்களே தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர்.

கைக்குச் சின்ன வேலை

அமைதிக்கு ஓரளவு விடை கிடைத்தது. யோசனைக்கு? களைப்பு தீர்ந்தால் மூளை நன்றாக வேலை செய்யும் என்பது மட்டும் போதாது. களைப்பு தீரும் முன்பே, கையில் பூவாளி இருக்கும்போதே அல்லவா வரி வந்து நிற்கிறது?

ஒரு சிக்கலை மாய்ந்து யோசித்துவிட்டு, விட்டு விலகி, பிறகு திரும்பினால் தீர்வது எளிதாகிறது. இந்த இடைவெளியை ஊறல் என்று சொல்லலாம். 2009-இல் சியோ, ஓமரோட் என்ற இருவர் இதைப் பற்றிய 117 ஆய்வுகளைத் தொகுத்து அலசினார்கள். ஊறலுக்குப் பலன் உண்டு என்பது உறுதியானது. கூடவே இரண்டு விவரங்கள் தெரிந்தன. இடைவெளிக்கு முன்னால் நீண்ட நேரம் முட்டிமோதியவர்களுக்குப் பலன் கூடுதல். சொல் சார்ந்த புதிர்களில், இடைவெளியில் வெறுமனே உட்கார்ந்தவர்களைவிடவும் கடினமான வேறு வேலை பார்த்தவர்களைவிடவும் ஒரு லேசான வேலையைச் செய்தவர்களுக்குப் பலன் அதிகம்.

லேசான வேலை. தொட்டி தொட்டியாகத் தண்ணீர் ஊற்றுவது, காய்ந்த இலையைக் கிள்ளுவது, களைக்கொத்தியால் மண்ணைக் கிளறிவிடுவது. கைக்குப் பழகிய வேலை; தப்பாகிவிடுமோ என்ற பயம் இல்லை; நேரக்கெடு இல்லை. வெறுமனே உட்கார்ந்தால் மனம் பழைய சிக்கலையே சுற்றிச் சுற்றி வந்து வழக்கமான முட்டுச்சந்தில் நிற்கும். கடினமான வேலை கொடுத்தால் மனம் முழுக்க அதிலேயே போய்விடும். நடுவில் இருக்கிறது தோட்ட வேலை.

2012-இல் கலிஃபோர்னியாவில் 145 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். செங்கல் போன்ற சாதாரணப் பொருளுக்கு எத்தனை விதமான பயன்கள் தோன்றுகின்றன என்று கேட்டார்கள். இடையில் 12 நிமிடம் சிலருக்கு லேசான வேலை, சிலருக்குக் கடினமான வேலை, சிலருக்கு ஓய்வு, சிலருக்கு இடைவெளியே இல்லை. லேசான வேலை செய்தவர்கள் திரும்பி வந்து புதுமையான பயன்களைக் கூடுதலாகச் சொன்னார்கள். பிறகு வேறொரு குழு இதையே திரும்பச் செய்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. ஆகவே எண்களை நான் இறுகப் பிடித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அந்தச் சோதனையில் ஒரு துணைமுடிவு இருக்கிறது, அது மற்ற ஆய்வுகளோடும் ஒத்துப்போகிறது. ஏற்கெனவே யோசித்த பொருள்களில்தான் முன்னேற்றம் வந்தது. இடைவெளிக்குப் பிறகு புதிதாகக் கொடுத்த பொருள்களில் வரவில்லை.

அரிசி போடாமல் தண்ணீரை மட்டும் இரவெல்லாம் வைத்திருந்தால் காலையில் ஆட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. கேள்வியே இல்லாமல் தோட்டத்துக்குப் போகிறவருக்கு அமைதி கிடைக்கும்; கவிதை கிடைக்காது. அழைப்பிதழின் வரி மிளகாய்ச் செடியிலிருந்து வரவில்லை, முன்பு மேசையில் வீணானதாக நினைத்த அந்த ஒரு மணி நேரத்திலிருந்து வந்தது.

வாட்ஸ்அப்பில் வரும் பாக்டீரியா

இடையில் ஒரு பூச்சியை நசுக்கிவிட்டுப் போகலாம். ‘மண்ணைத் தொட்டால் மகிழ்ச்சி வரும், அதில் ஒரு பாக்டீரியா இருக்கிறது, அது மூளையில் செரடோனினைச் சுரக்க வைக்கிறது’ என்ற செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். அதற்கு மூலம் 2007-இல் பிரிட்டனில் வெளியான ஒரு ஆய்வு. மைக்கோபாக்டீரியம் வாக்கே என்ற மண் நுண்ணுயிரைச் சூடாக்கிக் கொன்று சுண்டெலிகளின் உடலுக்குள் செலுத்தினார்கள். செரடோனின் சார்ந்த சில நரம்பணுக்கள் விழித்தன. ஆர்வமூட்டும் வேலைதான். ஆனால் செலுத்தப்பட்டது எலிக்கு. மிளகாய் நாற்று நட்டது நீங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை அந்தச் செய்தி ஒரே தாவில் தாண்டிவிடுகிறது. மண்ணில் டெட்டனஸ் கிருமியும் இருக்கிறது என்பதை யாரும் ஃபார்வேர்டு செய்வதில்லை. கையில் வெட்டுக்காயம் இருந்தால் உறை போட்டுக்கொள்ளுங்கள்.

தோட்டமே தலைவலியாவதும் உண்டு. செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்ததும் நாளுக்கு மூன்று முறை போய் வேப்பெண்ணெய்க் கரைசல் அடிப்பவர், ‘இந்த வாரம் ஒரு கிலோ தக்காளி’ என்று இலக்கு வைத்துக் குழுவில் படம் போடுகிறவர், கோடையில் தண்ணீர் லாரிக்காகக் காத்திருந்து ஏசுகிறவர் ஆகிய எல்லோரும் முனைந்த கவனத்தைத்தான் அங்கேயும் செலவழிக்கிறார்கள். அது தப்பில்லை; விவசாயி காலங்காலமாகச் செய்வது அதைத்தான். ஆனால் அது ஓய்வு ஆகாது.

ஆறு சதுர அடி

இவ்வளவும் ஆய்வு விவரம். ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்கத் தன் வீட்டுத் தோட்டத்தை எப்படிப் பயன்படுத்தினார் என்று பார்த்தால் இதற்கு உருவம் கிடைக்கும். ஐந்து ஆண்டு உலகைச் சுற்றிவிட்டு வந்த சார்லஸ் டார்வின், 1842 செப்டம்பரில், தன் 33-ஆம் வயதில், லண்டன் சந்தடியை விட்டு டவுன் என்ற கிராமத்து வீட்டுக்குக் குடிபெயர்ந்தார். 1882-இல் சாகும்வரை அங்கேதான் இருந்தார். கப்பல் பயணத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அந்த 40 ஆண்டுத் தோட்டத்தைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

1846-இல் பக்கத்து நிலக்காரரிடம் ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, மரங்கள் நட்டு, சுற்றிலும் நடைபாதை போட்டார். அவருடைய மகன் பிரான்சிஸ் எழுதிய நினைவுக்குறிப்பிலிருந்து அவரது நாளின் ஒழுங்கு தெரிகிறது. காலையில் இரண்டு தவணை எழுத்து வேலை. நண்பகல் நெருங்கியதும் எழுந்து முதலில் கண்ணாடிக்கூடத்துக்குப் போய் முளைக்கும் விதைகளை எட்டிப் பார்ப்பார். பிறகு நடைபாதையில் சுற்றுவார். எத்தனை சுற்று என்ற கணக்கையும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. பாதை ஓரத்தில் கற்களைக் குவித்து வைத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கல்லைக் காலால் தள்ளிவிடுவார். முட்டிமோதல், பிறகு லேசான வேலை. 117 ஆய்வுகள் சொல்லும் வரிசையை அவர் பழக்கத்தால் கண்டுபிடித்திருந்தார்.

தோட்டம் அவர் உடம்பைக் குணமாக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வாந்தி, படபடப்பு, தலைசுற்றல் என்று பல பத்தாண்டுகள் அவதிப்பட்டார். அவருடைய தோட்டக்காரர், ‘ஐயா பாவம், ஒரு பூவின் முன்னால் பத்து நிமிடம் சும்மா நிற்கிறார், செய்வதற்கு ஏதாவது வேலை இருந்தால் தேறிவிடுவார்’ என்ற பொருளில் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னதாக ஒரு கதை உண்டு.

1857 ஜனவரியில் தோட்டத்தில் 3 அடிக்கு 2 அடி இடத்தைக் கொத்திச் சுத்தம் செய்தார். எதையும் விதைக்கவில்லை. தானாக முளைக்கும் களைகளை, முளைக்க முளைக்க, ஒவ்வொன்றாக அடையாளம் வைத்து எண்ணிக்கொண்டு வந்தார். அவர் மனதில் 1838-இலிருந்தே ஒரு கேள்வி இருந்தது. உயிர்கள் பிழைக்கக் கூடியதைவிட அதிகமாகப் பிறக்கின்றன. அந்த அதிகப்படியானவை எப்போது சாகின்றன? எதனால்? புத்தகங்களில் விடை இல்லை. அந்த ஆறு சதுர அடியில் முளைத்தவை 357. அவற்றில் 295 அழிந்தன. பெரும்பாலும் ஓடில்லா நத்தைகளும் பூச்சிகளும் தின்றுவிட்டன. நெருக்கிக் கொல்ல வேறு செடி இல்லாத இடத்திலேயே ஆறில் ஐந்து பங்கு போய்விட்டது. மிஞ்சியது 62.

பக்கத்தில் இன்னொன்று செய்தார். 3 அடிக்கு 4 அடி புல்தரையில் 20 வகைச் செடிகள் இருந்தன. வெட்டாமல் வளர விட்டதும் வலுத்தவை ஓங்கி வளர்ந்து 9 வகைகளை இல்லாமல் செய்துவிட்டன. இந்த இரண்டு எண்ணிக்கையும் 1859-இல் வந்த ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலின் மூன்றாம் அத்தியாயத்தில், வாழ்க்கைப் போராட்டத்துக்குச் சான்றாக நிற்கின்றன. கப்பல் பயணத்தில் கண்ட ஆமை, குருவி, எரிமலைத்தீவு எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது கேள்வியும், தினமும் போய்ப் பார்க்கும் சலியாத பழக்கமும்தான். மென் ஈர்ப்பு இல்லாவிட்டால் அந்தப் பழக்கம் இத்தனை நாள் நீடித்திருக்குமா என்பது என் சந்தேகம்.

மண்புழு இன்னும் நீண்ட கதை. 1837-இல் அதைப் பற்றி முதல் கட்டுரை வாசித்தார். 1881-இல், சாவதற்கு முந்தைய ஆண்டு, முழு நூல் எழுதினார். இடையில் 44 ஆண்டுகள். தொட்டியில் புழுக்களை வளர்த்து, மகனை ஊதுகுழல் வாசிக்கச் சொன்னார், புழுக்கள் கண்டுகொள்ளவில்லை. தொட்டியைப் பியானோ மேலேயே வைத்துக் கட்டையை அழுத்தியதும் அதிர்வை உணர்ந்து வளைக்குள் ஓடின. ஒரு ஏக்கரில் ஆண்டுக்கு 10 டன்னுக்கு மேல் மண் புழுக்களின் உடல் வழியாக மேலே வருகிறது என்று கணக்கிட்டார்.

சுற்றும் நுனி

நோய் முற்றி அறையை விட்டு வெளியே வர முடியாத ஒரு காலத்தில், பியருக்குக் கசப்புச் சேர்க்கும் ஹாப் என்ற கொடியைத் தொட்டியோடு தன் அறையில் வைத்துக்கொண்டு இரவும் பகலும் பார்த்தார் டார்வின். பற்றிக்கொள்ள எதுவும் கிடைக்காத கொடியின் நுனி சும்மா இருப்பதில்லை; காற்றில் வட்டமிட்டுத் துழாவுகிறது. வெயில் காலப் பகலில் ஹாப் ஒரு வட்டத்தை முடிக்கச் சராசரியாக 2 மணி 8 நிமிடம் எடுத்துக்கொண்டது. கொடி பீன்ஸும் ஏறக்குறைய 2 மணி நேரம். ஆனால் திசை வேறு: மேலிருந்து பார்த்தால் ஹாப் கடிகார முள் போகும் திசையில் சுற்றும், பீன்ஸ் எதிர்த்திசையில். ஏறு கொடிகளைப் பற்றிய அவரது நீண்ட ஆய்வு 1865-இல் வெளியானது.

இதை மாடியிலேயே பார்க்கலாம். மலைப்பக்கம் என்றால் கொடி பீன்ஸ். சமவெளி என்றால் கொடி அவரை போதும். கொடி ஒரு முழம் வந்ததும், கொம்பு நடாமல் ஒரு நாள் விடுங்கள். நுனி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கத்துத் தொட்டி விளிம்பில் சாக்பீஸால் ஒரு கோடு, பக்கத்தில் மணி. அரை மணிக்கு ஒரு முறை போய் இன்னொரு கோடு. மதியத்துக்குள் அவரை எத்திசையில் சுற்றுகிறது, ஒரு வட்டத்துக்கு எவ்வளவு நேரம், வெயில் ஏறினால் வேகம் மாறுகிறதா என்பதெல்லாம் உங்கள் தொட்டியிலேயே எழுதப்பட்டிருக்கும். மறுநாள் கொம்பை நட்டுவிடுங்கள். அதற்கு மேல் தள்ளிப்போட்டால் கொடிகள் ஒன்றையொன்று பின்னிக்கொள்ளும், பிறகு ஒடிக்காமல் பிரிக்க முடியாது.